உபயம் எழுத இடமில்லாத தர்மம்

கோயில் டியூப் லைட்டைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. விளக்கின் மேல் "உபயம்" என்று போட்டுப் பெயரையும் பெரிதாக எழுதிவிடுவதால் வெளிச்சம் பாதிதான் வரும் என்பார்கள். கோயிலில் அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக நாம் கொடுக்கிற பணத்திலும் இதேதான் நடக்கிறது என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் பலருக்குக் கோபம் வருகிறது. போன மாதம் நடைப்பயிற்சி முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொல்லி நான்கு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அங்கே முடிக்க விடாத பேச்சை இங்கே முடிக்கிறேன்.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் காரைக்குடியில் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு வரவு செலவு எழுதிக் கொடுக்கிறேன். பெயர் வேண்டாம், சிறிய இடம். மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. எல்லோரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள்தான். ஆனால் தமிழில் நான்கு வரி கொடுத்தால் வாசிக்கத் திணறுகிறவர்கள். அவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அங்கே வேலை. வேறு ஒன்றும் கிடையாது.

ரசீது போடுகிறவன் என்பதால் யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கொடுக்கும்போது காரணம் சொல்லாமல் யாரும் கொடுப்பதில்லை.

அப்பாவின் திதிக்குக் கொடுப்பவர்கள் உண்டு. பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்கிற பெற்றோர் பெயரில் அனுப்புவார்கள். "எங்க அம்மாவுக்குக் கைநாட்டுதான் சார், அவங்க நினைவா" என்று சொல்லிக் கொடுத்தவர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பென்ஷனில் இருந்து கொடுக்கிறார்கள். வரிச் சலுகைக்காகத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். அது சரியல்ல. 80ஜி கழிவு புதிய வரி முறையில் கிடையாது. அதற்கு மாறிவிட்ட எத்தனையோ பென்ஷன்தாரர்கள் முன்பு கொடுத்ததையே இன்றும் கொடுக்கிறார்கள்.

இந்தக் காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. பெயருக்காகக் கொடுத்தாலும் புண்ணியத்துக்காகக் கொடுத்தாலும் பணம் பணம்தான். என் சண்டை அதற்கு அடுத்த வாக்கியத்தோடு. "ஆனா சார், இது நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும்தான் போகணும்." "பீரோ ஒண்ணு வாங்கிடுங்க, பெயிண்டர்கிட்ட அப்பா பேர எழுதச் சொல்லிடுங்க." "பைக்குள்ள ஒரு தண்ணி பாட்டில், ஒரு பென்சில் டப்பா. கொடுக்கும்போது ஒரு போட்டோ."

போன வருடம் எங்களுக்கு வந்த நோட்டுகள் அறுநூற்றுச் சொச்சம். நாற்பது பிள்ளைகளுக்கு! பீரோக்கள் மூன்று. இரண்டுக்குத்தான் அறையில் இடம் இருந்தது. மூன்றாவதை வராந்தாவில் வைத்து மழைக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "க, கா, கி" என்று விரல் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற இரண்டு பெண்களின் சம்பளத்துக்கு என்று குறிப்பிட்டுப் பணம் கொடுத்தவர்கள் வருடம் முழுவதற்கும் சேர்த்து ஆறு பேர்.

காரணம் புரியாமல் இல்லை. நோட்டில் அட்டை இருக்கிறது, பெயர் அச்சடிக்கலாம். பீரோவில் கதவு இருக்கிறது, பெயர் எழுதலாம். ஒரு பிள்ளை திக்காமல் வாசிப்பதில் உபயம் எழுத இடமில்லை.

நாம் கொடுக்கிற பொருள்கள் அந்தப் பிள்ளைகளிடம் இல்லாதவையா என்று யாராவது யோசித்தது உண்டா? தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குப் பாடப்புத்தகம், நோட்டு, பை, சீருடை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் விலையில்லாமல் வருகிறது. மதியச் சாப்பாடு நமக்குத் தெரிந்த காலத்திலிருந்து இருக்கிறது. 2022 செப்டம்பரில் இருந்து காலைச் சாப்பாடும் வந்திருக்கிறது. ஏற்கெனவே கையில் இருப்பதையே இன்னொரு முறை கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

"அந்தக் காலத்தில் பொருள்தானே கொடுத்தோம்?" என்று கேட்டார் டீக்கடை நண்பர் ஒருவர். நல்ல கேள்வி. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தது நம்மில் எழுபதைத் தாண்டியவர்கள் சிலருக்கு மங்கலாக நினைவிருக்கும். மணி, கடிகாரம், பெஞ்சு, தேசப்படம், கரும்பலகை, நிலம் என்று மக்கள் கொண்டுவந்து குவித்தார்கள். மதிய உணவே முதலில் ஊராரின் நெல்லையும் காய்கறியையும் நம்பித்தான் ஆரம்பித்தது. சரிதான். ஆனால் அவர்கள் கொடுத்தது அன்று இல்லாததை. பெஞ்சு இல்லை, பெஞ்சு கொடுத்தார்கள். சோறு இல்லை, சோறு போட்டார்கள். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது எது இல்லையோ அதைக் கொடுக்கும் புத்தியை. பெஞ்சை அல்ல.

இன்று எது இல்லை? 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 'அசர்' என்று ஓர் ஆய்வு நடத்திவருகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை, கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையை உட்காரவைத்து ஓர் அட்டையைக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். முதலில் எழுத்து, அப்புறம் சொல், அப்புறம் முதல் வகுப்பு அளவில் சிறு பத்தி, கடைசியில் இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. அவ்வளவுதான் சோதனை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் 2018இல் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் ஏறத்தாழ 25 பேர். அப்படியானால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடியாமல் இருந்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோரிடமும் பை இருந்தது. நோட்டும் இருந்தது.

ஐந்தாம் வகுப்பில் வாசிக்க வராத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அறிவியல், சமூக அறிவியல் எதுவும் உள்ளே போகாது. கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவதுபோல நோட்டில் எழுதிக்கொண்டு வருவான். வாத்தியார் "படி" என்று எழுப்பிவிட்டால் பக்கத்துப் பையனைப் பார்ப்பான். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுவான். "படிப்பு ஏறல" என்பார்கள் வீட்டில். படிப்பு ஏறுவதற்கு ஏணியின் முதல் படியே அவனுக்குப் போடப்படவில்லை.

புத்தகம் கொடுத்தால் மட்டும் போதுமா என்பதை நம்மைவிடப் பெரியவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1990களில் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் கிராமப் பள்ளிகளில் ஒரு தொண்டு நிறுவனம் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தது. அதுவரை பல பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் என்ற நிலை. மைக்கேல் கிரெமர் என்ற பொருளாதார அறிஞரும் அவருடன் சேர்ந்தவர்களும், புத்தகம் கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காத பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். சராசரி மதிப்பெண் ஏறவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னேறினார்கள். புத்தகம் இருந்தது ஆங்கிலத்தில். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதை வாசிக்க வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

நம் நாட்டில் நடந்த இன்னொரு சோதனை இதற்கு நேர் எதிர். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் 'பிரதம்' அமைப்பு 'பால்சகி' என்று ஒரு திட்டம் நடத்தியது. அந்தந்தப் பகுதியில் பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண் ஒருத்தி, பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு தினம் இரண்டு மணி நேரம் அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பாள். சம்பளம் மாதம் 500 முதல் 750 ரூபாய். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் அதை அளந்து பார்த்தார்கள். பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்; மிகவும் பின்தங்கியவர்களுக்குத்தான் அதிகப் பலன். கிரெமர், பானர்ஜி, டூஃப்ளோ மூவருக்கும் சேர்த்து 2019இல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நோபல் வாங்கியவர்கள் சொன்னதை நம் பாட்டிமார்கள் ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள்: பக்கத்தில் ஆள் இருந்தால் பிள்ளை படிக்கும்.

அந்த ஆளுக்குத்தான் நாம் பணம் கொடுக்க மாட்டேன் என்கிறோம். எங்கள் கணக்கையே சொல்கிறேன். இரண்டு பெண்களுக்குத் தலா 3,500 ரூபாய், ஆக 7,000. அறை வாடகை 2,000. மின்சாரம் 300. மாதம் 9,300 ரூபாய். நாற்பது பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 240 ரூபாய்கூட ஆகவில்லை. இரண்டு பேர் அன்னலட்சுமியில் சாப்பிட்டுவிட்டு வந்தாலே அதைவிட அதிகம் ஆகும். இருந்தும் போன ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. அதே பிப்ரவரியில் இரண்டு பிறந்தநாள் விழா நடந்தது, கேக்கோடு. அன்றைக்கு வகுப்பு இல்லை. வந்தவர்கள் வரும்வரை பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வந்தபின் பாட்டுப் பாடினார்கள். ஒரு நிறுவனத்தார் பேனர் கட்ட வந்து, பிள்ளைகள் எழுதிய எழுத்து அட்டைகள் ஒட்டியிருந்த சுவரை மறைத்துக் கட்டிவிட்டுப் போனார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் இரண்டு பெண்களில் ஒருத்தி போய்விட்டாள். ஜவுளிக்கடையில் 9,000 ரூபாய். "மன்னிச்சுக்குங்க ஐயா, வீட்ல கஷ்டம்" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளிடம் இருந்த இருபது பிள்ளைகளில் பதினோரு பேர் சொற்களைத் தாண்டி வரிகளுக்கு வந்துகொண்டிருந்தவர்கள். புது ஆள் கிடைக்க ஜூலை ஆகிவிட்டது. அதற்குள் ஆறு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். வந்த ஐந்து பேரில் மூன்று பேர் மறுபடி எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அந்த நான்கு மாதமும் அறையில் நோட்டுக் கட்டுகள் மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தன.

தொண்டு நிறுவனங்களையும் சும்மா விடுவதற்கில்லை. கிழிந்த சட்டை, மூக்கு ஒழுகுகிற முகம், பெரிய கண்கள் என்று ஒரு படத்தைப் போட்டுப் பணம் கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். அதற்கும் ஒரு காரணம் உண்டு. 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரத்தைச் சிலருக்குக் காட்டினார்கள். வேறு சிலருக்கு ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கதையை மட்டும் சொன்னார்கள். சிறுமியின் கதையைக் கேட்டவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துச் சொன்னபோது கொடுப்பது குறைந்துவிட்டது! மனித மனசு அப்படி. ஒரு முகத்தைப் பார்த்தால் இளகும், நூறு முகம் என்றால் கை கட்டிக்கொள்ளும்.

மனசு அப்படித்தான் என்பதால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கலாமா? பரிதாபமாக இருக்கிற பிள்ளைக்குப் பணம் வரும் என்றால், பிள்ளை பரிதாபமாகவே இருப்பது நிறுவனத்துக்கு லாபம் என்று ஆகிவிடும். படிக்கத் தெரிந்துவிட்ட பிள்ளையின் படத்தில் பரிதாபம் இருக்காது. எண்ணெய் வைத்து வாரிய தலையோடு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், உங்களைக்கூடப் பார்க்க மாட்டாள். அந்தப் படத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்களோ அவர்கள்தான் இந்த வேலையைப் புரிந்துகொண்டு கொடுப்பவர்கள்.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, நாம் ஏன்?" என்பது அடுத்த வாதம். செய்ய வேண்டியதுதான், மறுக்கவில்லை. 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்துச் சொல்லிக்கொடுக்கிற திட்டம். அரசே குறையை உணர்ந்துதானே இவற்றைக் கொண்டுவந்தது? ஆனால் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கிற தொடக்கப் பள்ளிகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு பிள்ளை பின்தங்கினால் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. அரசு செய்யட்டும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் நான்கு வருடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போய்விடும். அந்த நான்கு வருடத்தை அதற்கு யாரும் திருப்பித் தர முடியாது.

"கொடுப்பவனிடம் இத்தனை கேள்வி கேட்டால் கொடுப்பதையே நிறுத்திவிடுவான்" என்கிறார் இன்னொருவர். நம் ஊர்க்காரர்களை அவர் அவ்வளவு குறைவாக எடைபோடுகிறார். இது அழகப்பச் செட்டியார் ஊர். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர். 1940களில் 15 லட்சம்! அப்போது ஊரில் பத்துப் பேருக்காவது மின்வேதியியல் என்றால் என்னவென்று தெரிந்திருக்குமா? கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குக் கொடுக்கத் துணிந்த ஊர் இது. ஆனால் கல்லூரிக்கும் ஆய்வகத்துக்கும் கொடுத்த அளவுக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கு நாம் கொடுக்கவில்லை. கல்லூரி வாசல்வரை வந்துசேர முதலில் வாசிக்கத் தெரிய வேண்டும்.

எங்கள் நன்கொடையாளர்களில் ஒருவர் செக்காலை பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான்காம் வகுப்போடு நின்றவர். மாதம் 500 ரூபாய், ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். இதுவரை ஒரு விழாவுக்கும் வந்ததில்லை. போன் பண்ணினால் ஒன்றுதான் கேட்பார்: "எத்தனை பிள்ளைங்க வாசிக்குது சார்?" ஏன் இதற்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பட்டறைக்கு வர்ற பையனுக்கு அளவு எழுதிக் கொடுத்தா படிக்கத் தெரியல சார். ஒம்பதாவது படிச்சேங்குறான்" என்றார். புண்ணியம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட் ஒன்று செய்யக் கொடுத்தால் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்போமே, அப்படித்தான் அவர் கேட்கிறார். நம்மில் படித்தவர்கள், அதிகாரியாக இருந்தவர்கள், கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

ஆகையால் வாசக நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். எங்கள் இடத்துக்கே கொடுங்கள் என்று கேட்கவில்லை. எங்கே கொடுத்தாலும், பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்தால், மூன்று விஷயம் கேளுங்கள். சேரும்போது இந்தப் பிள்ளை எந்த நிலையில் இருந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது? சொல்லிக்கொடுக்கிறவருக்கு மாதம் எவ்வளவு, போன மாதச் சம்பளம் கொடுத்தாகிவிட்டதா? வருடத்தில் எத்தனை நாள் வகுப்பு நடந்தது, எத்தனை நாள் விழா நடந்தது? நல்ல நிறுவனம் என்றால் பதில் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். பதில் சொல்லாமல் ஆல்பத்தை எடுத்து நீட்டினால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பெயர் போடுவதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா பெயர் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பே இல்லை. கல்யாண வீட்டில் மொய் நோட்டில் பெயர் எழுதத்தானே செய்கிறோம்? ஆடி மாதச் சம்பளம் இன்னார் நினைவாக இன்னார் உபயம் என்று எழுதிவைக்க எங்கள் கணக்குப் புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம் காலியாக வைத்திருக்கிறேன். இந்த வருடம் இதுவரை ஐந்து பக்கம் நிரம்பியிருக்கிறது. மாசியும் பங்குனியும் இன்னும் காலி. அந்த இரண்டு மாதத்தில்தான் போன வருடம் அந்தப் பெண் போனாள்.

வராந்தாவில் இருக்கிற மூன்றாவது பீரோ யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். நல்ல பீரோ. பெயரை மட்டும் சுரண்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.